சின்னப் படகின் பேட்டரி: சார்ஜ் ஏற்றுவது முதல் சீசன் முடிந்து கழற்றி வைப்பது வரை

படகில் இருக்கும் பேட்டரி உழைத்துத் தேய்ந்து சாவது அபூர்வம். பெரும்பாலும் அரைவயிற்றோடு கிடந்துதான் சாகிறது. தினமும் ஓடும் காரில், இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அவ்வப்போது பேட்டரியை நிரப்பிவிடும். பொழுதுபோக்குப் படகுக்கு அந்த வசதி இல்லை. ஒரு நாள் மீன் பிடிக்கவோ சுற்றவோ போய்விட்டு வந்தால், அப்புறம் மூன்று நான்கு வாரம் மூடிபோட்டுக் கிடக்கும். அன்று செலவான சார்ஜ் திரும்ப ஏறவில்லை என்றால், அத்தனை நாளும் உள்ளே ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் படிகமாக இறுகிக்கொண்டே போகும். நன்றாக இறுகிவிட்டால் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது. சல்ஃபேஷன் என்பது இதுதான். தகட்டில் அது மூடிய இடமெல்லாம் நஷ்டக் கணக்கு.

அதனால் வேலை இரண்டுதான். படகு கரைக்கு வந்ததும் பேட்டரியை முழுதாக நிரப்ப வேண்டும். அடுத்த பயணம் வரை அப்படியே நிரம்பியிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே வருவதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

உங்களிடம் இருப்பது எந்த பேட்டரி?

சார்ஜரைத் தொடுவதற்கு முன்னால் பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

முதலாவது, எந்த வேலைக்கு. இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில விநாடிகளுக்குப் பெரிய கரண்ட் கொடுக்கும். அடிக்கடி ஆழமாக இறக்கினால் சீக்கிரம் போய்விடும். டீப் சைக்கிள் பேட்டரியில் தகடுகள் தடிமன். படகை மெதுவாக நகர்த்தும் மின்சார ட்ரோலிங் மோட்டார், விளக்கு, மீன் இருக்குமிடம் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் என்று மணிக்கணக்கில் கொடுக்கும். இரண்டுக்கும் பொது என்று விற்கும் பேட்டரிகளும் உண்டு. இடமில்லாத படகுக்கு அது பரவாயில்லை, ஆனால் நாள் முழுக்க மோட்டார் ஓட்டுபவர் தனி டீப் சைக்கிள் வைத்துக்கொள்வதே நல்லது.

இரண்டாவது, உள்ளே என்ன இருக்கிறது. தண்ணீர் ஊற்றும் சாதா பேட்டரி, ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் ஊற வைத்தது), ஜெல் (ஆசிட்டைக் கூழாக்கியது), லித்தியம் என்று நான்கு வகை. ஒவ்வொன்றுக்கும் சார்ஜ் வோல்டேஜ் வேறு. 12 வோல்ட் பேட்டரியை நிரப்பும் கட்டத்தில் சாதாவுக்கும் ஏஜிஎம்முக்கும் சுமார் 14.4 முதல் 14.8 வரை போகலாம். ஜெல்லுக்கு 14.1, 14.2 போதும். அதற்கு மேல் போனால் ஜெல்லுக்குள் குமிழி விழுந்து தகட்டிலிருந்து பிரிந்துவிடும், திரும்ப ஒட்டாது. லித்தியம் என்று படகில் வருவது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதற்கு 14.2 முதல் 14.6 வரை. உங்கள் பேட்டரியைச் செய்தவர்கள் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதுதான் இறுதி, இங்கே எழுதியிருப்பது இல்லை.

எவ்வளவு மீதி என்று பார்ப்பது

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ஆனால் சார்ஜர் கழற்றிய கையோடு அளக்காதீர்கள். மேல்பரப்பு சார்ஜ் என்று ஒன்று இருக்கிறது. அது 13-க்கு மேல் காட்டி ஏமாற்றும். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, குறைந்தது சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, சும்மா விட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

சாதா பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான். 11.8-க்குக் கீழே போனால் காலி. ஏஜிஎம் இவற்றைவிட 0.1, 0.2 வோல்ட் கூடுதலாகக் காட்டும். நிறைவு என்றால் 12.8-க்கு மேல். பாதிக்கும் முழுசுக்கும் நடுவே வெறும் அரை வோல்ட்தான் என்பதைக் கவனியுங்கள். டாஷ்போர்டில் இருக்கும் முள் மீட்டரை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் நம்பகமானது. ஆறு செல்லிலும் தனித்தனியாக உறிஞ்சிப் பாருங்கள். நிரம்பிய செல் சுமார் 1.265 முதல் 1.275 வரை காட்டும், பாதியில் 1.190 பக்கம் வரும். ஐந்து செல் 1.265 காட்டி ஒன்று மட்டும் 1.200-லேயே நின்றால் அந்த செல்லில்தான் கோளாறு. மல்டிமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது.

வெளியே போகும் முன் ஒரு சின்னக் கணக்கு

100 ஆம்பியர்-அவர் என்று போட்டிருந்தால், 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் வரும் என்று பொருள். ஈய பேட்டரியில் அதில் பாதியைத்தான் உங்களுடையது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். பாதிக்குக் கீழே இறக்கினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஆயுளிலிருந்து கொஞ்சம் போகும். அதோடு, வேகமாக இழுத்தால் போட்டிருக்கும் அளவுகூட முழுதாக வராது.

55 பவுண்டு தள்ளுவிசை ட்ரோலிங் மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரிக்கு அது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. வேகத்தைப் பாதியாக்கினால் கரண்ட் பாதியைவிட நன்றாகவே இறங்கும். காற்றுக்கு எதிராகத் திரும்பி வர வேண்டியிருந்தால் அதற்கும் மிச்சம் வையுங்கள்.

சார்ஜர் வாங்கும்போது

மூன்று கட்ட சார்ஜர் வேண்டும். முதலில் முழுக் கரண்ட்டில் தள்ளும். பிறகு வோல்டேஜை 14.4 போல ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு, கரண்ட் தானாகக் குறையும்வரை காத்திருக்கும். கடைசியில் 13.2 முதல் 13.8-க்குள் இறங்கி, நிரம்பியதைக் காவல் காக்கும். கட்டுப்பாடு ஏதும் இல்லாத பழைய வகைச் சார்ஜரை மாட்டிவிட்டு ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது செல்லில் தண்ணீரே இருக்காது.

அளவு எவ்வளவு? சாதா பேட்டரிக்கு அதன் ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை. 100-க்கு 10 முதல் 20 ஆம்பியர். ஏஜிஎம் இன்னும் கொஞ்சம் தாங்கும். இரண்டு ஆம்பியர் சார்ஜர் நிரம்பிய பேட்டரியைப் பராமரிக்கத்தான், காலியானதை நிரப்ப இல்லை.

வெப்பநிலை உணரும் ஒயர் சார்ஜரோடு வந்தால் அதைப் பையிலேயே விட்டுவிடாமல் பேட்டரியில் ஒட்டுங்கள். 25 டிகிரி செல்சியஸுக்கு மேலே போகப்போக வோல்டேஜ் கொஞ்சம் குறைய வேண்டும், கீழே போனால் கூட வேண்டும். வெயிலில் கொதிக்கும் மூடிய அறையில் இது பேட்டரியின் ஆயுளையே தீர்மானிக்கும். நிரந்தரமாகப் படகில் பொருத்துவதாக இருந்தால் தண்ணீர் புகாத, படகுக்கென்றே செய்த சார்ஜர் வாங்குங்கள்.

சார்ஜ் ஏற்றும் முறை

1. பேட்டரி அறையின் மூடியைத் திறந்து காற்று போக விடுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் அது போகும்வரை எதையும் தொடாதீர்கள். ஈய பேட்டரி நிரம்பும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும்.

2. விளக்கு, ரேடியோ, மோட்டார் எல்லாவற்றையும் அணைத்து மெயின் சுவிட்சையும் அணையுங்கள். மோதிரம், கைக்கடிகாரச் செயின் இரண்டையும் கழற்றுங்கள். ஸ்பேனர் பிளஸ்ஸையும் மைனஸையும் ஒருசேரத் தொட்டால் சிவக்கச் சிவக்கக் காயும், மோதிரமும் அப்படித்தான்.

3. பேட்டரியைப் பாருங்கள். பக்கவாட்டில் உப்பியிருந்தாலோ, விரிசலோ கசிவோ இருந்தாலோ, உறைந்திருந்தாலோ சார்ஜ் போடக் கூடாது. சாதா பேட்டரியில் தகடு வெளியே தெரிந்தால், அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் விடுங்கள். மிச்சம் பிறகு.

4. சார்ஜரில் பேட்டரி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

5. முதலில் சிவப்பு கிளிப்பை பிளஸ்ஸில், பிறகு கறுப்பை மைனஸில். அதன் பிறகுதான் சார்ஜரின் பிளக் கரண்ட்டுக்குப் போக வேண்டும். கழற்றும்போது தலைகீழ்: முதலில் பிளக், பிறகு கிளிப். பொறி பேட்டரியின் மேல் விழாமல் இருக்கத்தான் இந்த வரிசை.

6. அரைமணி கழித்துப் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். அழுகின முட்டை வாடை வந்தாலும் அப்படியே. அந்த வாயு விஷம், எனவே அறையை விட்டு விலகி நில்லுங்கள்.

7. சார்ஜர் தானாகக் காவல் கட்டத்துக்குப் போகும்வரை விடுங்கள். பச்சை விளக்கு எரிகிறதே என்று பாதியில் எடுக்காதீர்கள். சில சார்ஜர்கள் 80 சதவீதத்திலேயே பச்சையைக் காட்டிவிடும். கையேட்டில் எந்த விளக்குக்கு என்ன அர்த்தம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

துறையில் கரைக் கரண்ட்டிலிருந்து சார்ஜ் போடுகிறவர்கள், கசிவு வந்தால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு இணைப்பில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். நீட்டிப்பு ஒயரின் இணைப்பு தண்ணீரில் தொங்கக் கூடாது. நன்னீரில் கசியும் கரண்ட், பக்கத்தில் நீந்துபவரைக் கைகால் அசைக்க முடியாமல் செய்து மூழ்கடித்துவிடும். கரைக் கரண்ட் மாட்டிய படகுகளுக்கு நடுவே யாரையும் நீந்த விடாதீர்கள். இன்னொன்று: எர்த் ஒயர் வழியாக உங்கள் படகின் உலோகமும் பக்கத்துப் படகின் உலோகமும் ஒன்றாகிவிடும். படகின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாக அனோட் வழக்கத்தைவிட வேகமாகக் கரைந்தால், எர்த் வழியாக வரும் அந்தச் சிறு கரண்ட்டைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் போட வேண்டிய நேரம்.

அந்தக் கடைசி 20 சதவீதம்

பெரும்பாலான பேட்டரிகள் இங்கேதான் தோற்கின்றன. பாதி காலியான 100 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 10 ஆம்பியர் சார்ஜர் மாட்டினால், நான்கு மணி நேரத்துக்குள் 80 சதவீதம் பக்கம் வந்துவிடும். அதற்குப் பிறகு பேட்டரியே கரண்ட்டை வாங்க மறுக்கும். 10 ஆம்பியர் 6 ஆகும், 3 ஆகும், 1 ஆகும். மீதி 20 சதவீதம் ஏற இன்னும் நான்கைந்து மணி ஆகலாம். பெரிய சார்ஜர் வாங்கினாலும் இந்த நேரம் அதிகம் குறையாது. ஏனென்றால் தடை சார்ஜரில் இல்லை, தகட்டுக்குள் நடக்கும் வேதிவினையில் இருக்கிறது.

மாலையில் வந்து மாட்டிவிட்டு இரண்டு மணி நேரத்தில் கழற்றி வீட்டுக்குப் போகிறவர், ஒவ்வொரு முறையும் அந்த 20 சதவீதத்தைச் சல்ஃபேட்டாக விட்டுவிட்டுப் போகிறார். ஒரு சீசன் கழித்து 100 ஆம்பியர்-அவர் பேட்டரி 70-க்குத்தான் வேலை செய்யும். பேட்டரி மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார். இரவு முழுக்க மாட்டி வையுங்கள், அவ்வளவுதான்.

இன்ஜினே நிரப்பிவிடும் என்று நம்புவதும் இதே கதைதான். படகின் பின்னால் மாட்டும் சின்ன அவுட்போர்டு இன்ஜின்கள் முழு வேகத்திலேயே 6 முதல் 15 ஆம்பியர் தரும்; மெதுவாக ஓடும்போது பெயருக்குத்தான் வரும். ஸ்டார்ட் செய்ததில் செலவானதை அது ஈடுகட்டும். நாள் முழுக்க ட்ரோலிங் மோட்டார் குடித்ததை அரைமணி ஓட்டத்தில் நிரப்பாது.

துறையில் கரண்ட் இல்லாதவர்களுக்குச் சோலார் பேனல்தான் கை கொடுக்கும். 50 வாட் பேனல் நல்ல வெயிலில் 3 ஆம்பியர் அளவு தரும். ஒரு நல்ல நாளில் 12 முதல் 15 ஆம்பியர்-அவர் சேரும். அவசரமில்லாமல், தினமும், அந்தக் கடைசி 20 சதவீதத்தை நிரப்புவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே, அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் கண்ட்ரோலர் கட்டாயம். கம்பி, பாய்மரம், மூடித்துணி எதன் நிழலும் பேனலில் விழாமல் பாருங்கள். ஒரு மூலையில் விழும் நிழல்கூட வரத்தைப் பெருமளவு குறைத்துவிடும்.

லித்தியம் வைத்திருப்பவர்களுக்கு

மேலே சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. லித்தியம் அரைகுறையாகக் கிடப்பதைப் பற்றிக் கவலைப்படாது. மாதக்கணக்கில் 100 சதவீதத்தில் வைத்திருப்பதுதான் அதற்கு ஆகாது. நீண்ட நாள் படகை எடுக்கப்போவதில்லை என்றால் பாதி அல்லது அதற்குச் சற்று மேலே வைத்துவிட்டு, எல்லா இணைப்பையும் கழற்றிவிடுங்கள். வோல்ட் மீட்டர் வைத்து மீதியைக் கணிக்க முடியாது, பெரும்பகுதி நேரம் 13.2 பக்கமே நின்றுவிட்டுக் கடைசியில் சரேலென்று விழும். உள்ளே போகும், வெளியே வரும் கரண்ட்டை அளந்து கணக்கு வைக்கும் ஷண்ட் வைத்த மானிட்டர்தான் வேண்டும். உறைநிலைக்குக் கீழே, அதாவது செல்லின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழ் இருக்கும்போது, சார்ஜ் ஏற்றக் கூடாது.

இன்ஜினின் ஆல்டர்னேட்டரை நேரே லித்தியத்தில் இணைப்பது ஆபத்து. லித்தியம் கேட்கிற கரண்ட்டை எல்லாம் கொடுத்து ஆல்டர்னேட்டர் வெந்துவிடும். பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் சர்க்யூட்) திடீரென்று துண்டித்தால் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடும் போய்விடும். நடுவே, கரண்ட்டை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் ஒன்றைப் போட்டுவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது.

இரண்டு பேட்டரி இருந்தால்

ஸ்டார்ட் செய்வதற்கு ஒன்று, மற்ற வேலைக்கு ஒன்று என்று பிரித்து வைப்பது நடுநீரில் நிற்காமல் காப்பாற்றும். 1, 2, இரண்டும், ஆஃப் என்று நான்கு நிலை சுவிட்ச் இருந்தால், இன்ஜின் ஓடும்போது ஆஃப் வழியாகத் திருப்பவே கூடாது. ஆல்டர்னேட்டர் டயோடு போய்விடும். கை மறதி உள்ளவர்களுக்கு வோல்டேஜ் பார்த்து இணைக்கும் ரிலே நல்லது. சார்ஜ் வந்து 13.3 போல ஏறியதும் இரண்டையும் சேர்க்கும், 12.8 போல இறங்கியதும் பிரித்துவிடும்.

பேரலலில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்த இரண்டு பேட்டரியில் சார்ஜரின் பிளஸ் ஒன்றிலும் மைனஸ் மற்றொன்றிலும், குறுக்காகப் போக வேண்டும். அப்போதுதான் இரண்டும் சமமாக ஏறும். சீரீஸில் (ஒன்றின் பிளஸ் மற்றதின் மைனஸில்) போட்டு 24 வோல்ட் எடுக்கிறவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சார்ஜ் செய்யும் இரட்டைச் சார்ஜர் வைத்துக்கொள்ளலாம். எப்படியானாலும் பழசையும் புதுசையும், வேறு வேறு வகையையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

மாதம் ஒருமுறை கை வைக்க வேண்டியவை

தண்ணீர்: சார்ஜ் முடிந்த பிறகுதான் மட்டம் பார்த்து ஊற்ற வேண்டும். முன்னாலேயே நிறைத்தால், சார்ஜில் திரவம் விரிந்து ஆசிட் வெளியே வழியும். மூடியைத் திறந்தால் கழுத்துக்குள் ஒரு வளையம் கீழே இறங்கியிருப்பது தெரியும். அதன் அடிவிளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். திரவம் விளிம்பைத் தொட்டால் அதிகம். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். குழாய் நீரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். கண்ணாடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

டெர்மினல்: உப்புக்காற்றில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். முதலில் மைனஸைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து பழைய பல் துலக்கியால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு வரும். நுரை நின்றால் ஆசிட் தீர்ந்தது. செல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா உள்ளே போனால் பேட்டரி கெடும். நன்கு துடைத்து, ஈயம் பளிச்சென்று தெரியும்வரை கம்பித் தூரிகையால் தேயுங்கள். முதலில் பிளஸ், பிறகு மைனஸ் என்று இறுக்கி, அதன் மேல் வாசலின் தடவுங்கள். முதலில் தடவி பிறகு இறுக்குகிறவர்கள் உண்டு. உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும், வாசலின் மேலே இருந்தால் போதும். கையால் திருகும் சிறகு நட்டு இருந்தால் தூக்கிப்போட்டுவிட்டு ஸ்பேனர் நட்டு போடுங்கள். அலையில் படகு குதிக்கும் குதிக்குச் சிறகு நட்டு தானாகத் தளரும்.

ஒயர்: அதன் முனையில் அழுத்தியிருக்கும் உலோக வளையமான லக் பக்கத்தில் இன்சுலேஷனைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். உள்ளே கரகரவென்று இருந்தால் செம்பு கறுத்துப் பொடியாகிறது என்று அர்த்தம். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயராக மாற்றுங்கள். ஸ்டார்ட் ஆகும்போது பேட்டரியின் முனைக்கும் கேபிளின் மறுமுனைக்கும் நடுவே மீட்டர் வைத்து, கால் வோல்ட்டுக்கு மேல் விழுகிறதா என்று ஒருவரை வைத்துப் பார்க்கலாம். விழுந்தால் குற்றம் பேட்டரியுடையது இல்லை. பிளஸ் முனையிலிருந்து போகும் ஒயர்களில் ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு அருகே முடியுமோ அவ்வளவு அருகே இருக்கட்டும்.

கட்டு: பேட்டரியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பட்டையை இறுக்குங்கள். பிளஸ் முனைக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும். படகின் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீர் எட்டாத உயரத்தில் பெட்டி இருக்கட்டும். கடல்நீர் ஈய பேட்டரிக்குள் புகுந்தால் குளோரின் வாயு வரும்.

சீசன் முடிந்து கழற்றி வைக்கும்போது

ஈய பேட்டரியாக இருந்தால் முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு மைனஸைக் கழற்றுங்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் ரேடியோ நினைவகம், மானிட்டர் என்று ஏதாவது ஒன்று சொட்டுச்சொட்டாக இழுக்கும். 50 மில்லி ஆம்பியர் என்பது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஒரு மாதத்தில் அது 36 ஆம்பியர்-அவர். தண்ணீரிலேயே கட்டியிருக்கும் படகில் பில்ஜ் பம்ப் மட்டும் மெயின் சுவிட்சைத் தாண்டித் தனி ஃபியூஸோடு நேரே பேட்டரியில் இருக்க வேண்டும். அந்தப் படகில் பேட்டரியைக் கழற்றக் கூடாது, சோலாரோ கரைக் கரண்ட்டோ கொடுத்து வைக்க வேண்டும்.

கழற்றிய பேட்டரியைக் குளிர்ச்சியான, காய்ந்த இடத்தில் வையுங்கள். சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய நம்பிக்கை. இன்றைய பிளாஸ்டிக் உறைக்கு அந்தக் கவலை இல்லை. வெயில் படும் தகர ஷெட்தான் கெடுதல். சூடு ஏற ஏறத் தானாக இறங்கும் வேகமும் கூடும். மாதம் ஒருமுறை அளந்து, 12.4 பக்கம் வந்துவிட்டால் மறுபடி சார்ஜ் போடுங்கள். உறைபனி விழும் இடத்தில் இது இன்னும் முக்கியம். நிரம்பிய பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும், காலியானது உறைந்து வெடித்துவிடும்.

எப்போது மாற்றுவது?

முழுதாகச் சார்ஜ் ஏற்றி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். 12.4-க்குக் கீழே வந்து நின்றால் சந்தேகம். அடுத்தது லோடு டெஸ்ட்: ஸ்டார்ட்டிங் பேட்டரியில் அச்சிட்ட குளிர் ஸ்டார்ட் ஆம்பியரில் (CCA) பாதியை 15 விநாடி இழுக்கும்போது, சாதாரண அறை வெப்பத்தில் 9.6 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். கடைகளில் இதை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். டீப் சைக்கிளுக்கு, தெரிந்த அளவு இழுக்கும் ஒரு விளக்கை மாட்டி, 12 வோல்ட்டுக்கு வர எத்தனை மணி ஆகிறது என்று புதிதாக வாங்கியபோதே குறித்து வைத்தால், பிறகு ஒப்பிட வசதி.

சாதா பேட்டரியில் செல்களுக்குள் வித்தியாசம் தெரிந்தால், தூக்கிப்போடும் முன் சமன் செய்யும் சார்ஜ் ஒருமுறை முயன்று பார்க்கலாம். 15.5 வோல்ட் அளவில் சில மணி நேரம், எல்லாக் கருவிகளையும் கழற்றிவிட்டு, காற்றோட்டத்தில், பக்கத்திலேயே இருந்து. ஏஜிஎம், ஜெல், லித்தியம் மூன்றுக்கும் இதைச் செய்யக் கூடாது. அதற்கும் அந்த ஒரு செல் ஏறவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், ஜோடியாகக் கட்டியிருந்தால் இரண்டையும் சேர்த்தே. பழையதை எடை போட்டு வாங்கிக்கொள்ளும் பேட்டரிக் கடையில் கொடுங்கள். ஈயம் உருக்கி மறுபடி பயன்படும். புதியதின் மேல் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் அழியாத மையில் எழுதிவிட்டு, பெட்டிக்குள் வைக்கும் முன் ஒருமுறை முழுதாகச் சார்ஜ் போடுங்கள். கடை அலமாரியில் அது எத்தனை மாதம் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.